ரிப்போர்ட்டில் இருந்த அந்தப் பூஜ்ஜியம்

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்ரேதான் மேமோகிராம். என் முதல் மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், முடிவைச் சொல்லும் குறியீடாக, ‘பைராட்ஸ் 0’ என்று இருந்தது. பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே ‘கூடுதல் படங்கள் தேவை, மீண்டும் வரவும்’ என்று இருந்ததைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அடுத்த தேதி ஆறு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஆறு ராத்திரியும் தூக்கமே இல்லை. மகளிடம்கூடச் சொல்லாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசியில் அது வெறும் நீர்க்கட்டி. அல்ட்ராசவுண்ட் திரையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு, ஓரம் தெளிவாக, முழுக் கருப்பாகத் தெரிந்தது. “உள்ளே தண்ணீர்தான்மா, இதை ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றார் டாக்டர். அப்போதுதான் பூஜ்ஜியத்துக்கும் அர்த்தம் சொன்னார்: இந்தப் படங்களை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைச் சோதனைக்கு முன்பே எனக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அக்குளில் பவுடர், டியோடரன்ட் எதுவும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். டியோடரன்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள் படத்தில், சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரி தெரியுமாம். நல்ல அறிவுரை. தட்டுகளுக்கு நடுவே மார்பை அழுத்தும்போது சில நொடி வலிக்கும் என்றும் சொன்னார்கள். ஆனால் “உங்களைத் திரும்பக் கூப்பிட வாய்ப்பு இருக்கிறது, கூப்பிட்டால் அது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை” என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் இது அடிக்கடி நடப்பது. அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் 100 பேரில் சுமார் 10 பேரைத் திரும்ப அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்படுகிறவர்களில் புற்றுநோய் இருப்பது பத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் முறை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருக்காது, அதனால் அழைப்பு இன்னும் அதிகம்.

அடுத்தது ‘அடர்த்தி’. இந்தச் சொல்லும் என் ரிப்போர்ட்டில் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கருப்பாகத் தெரியும், சுரப்பியும் நார்த் திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். திசு அடர்த்தியாக இருந்தால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுகிற கதை. தொட்டுப் பார்த்து இந்த அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது. 40 வயதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இது நோய் இல்லை. ஆனால் படத்தில் கட்டி மறைந்துபோகலாம், புற்றுநோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து இதை ஒவ்வொரு பெண்ணுக்கும் புரிகிற வார்த்தையில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. எல்லா இடத்திலும் இப்படி வர வேண்டும் என்பேன்.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறுகிறது. அமெரிக்க நிபுணர் குழு 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. பிரிட்டனில் 50 வயதுக்கு மேல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். வீண் பயமும், வாழ்நாளில் தொந்தரவே தராத கட்டிக்குச் சிகிச்சை எடுப்பதும் இதில் உண்டு என்பதால்தான் இந்த வித்தியாசம். அதை மறைக்கக் கூடாது; தெரிந்துகொண்டு போகிற பெண் அவ்வளவு சீக்கிரம் பின்வாங்க மாட்டாள்.

என் அக்கா பின்வாங்கிவிட்டார். மூன்று வருடம் முன்பு அவரையும் இப்படித்தான் திரும்பக் கூப்பிட்டார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. “அந்தப் பயத்தை இன்னொரு தடவை படமாட்டேன்” என்று அதோடு போவதையே விட்டுவிட்டார். ஒரு தடவை எடுத்தால் போதும் என்கிற சோதனை இல்லையே இது. போன தடவை நன்றாக இருந்தது என்பதற்காக, மார்பைத் தொடும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

போன வாரம் அக்காவிடம் இதையெல்லாம் உட்கார்ந்து பேசினேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய், பீரோவிலிருந்து பழைய படங்கள் இருந்த உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். வரும் வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன்.