பறிகொடுத்ததும் ஆட்டம்தான்

2025 ஜனவரியில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இன் பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சுற்றில்) பஃபலோ பில்ஸ் 27-25 என்று பால்டிமோர் ரேவன்ஸை வென்றதைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும். "டர்ன்ஓவர்தான் (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) கவிழ்த்தது, திறமையில் ரேவன்ஸ்தான் மேல்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. பந்தோடு முன்னேறிய தூரம் ரேவன்ஸ் 416 யார்டு, பில்ஸ் 273. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாவது குவார்ட்டரில் (கடைசிக் கால் பகுதியில்) ரேவன்ஸின் மார்க் ஆண்ட்ரூஸ் பந்தோடு ஓடும்போது, பில்ஸின் டெரல் பெர்னார்ட் துரத்திப்போய் பந்தைக் குத்தித் தட்டிவிட்டு, தானே விழுந்து பிடித்தாரே, அது அதிர்ஷ்டமா? பயிற்சியில் தினமும் பழகுகிற வித்தை அது! பனி கொட்டிய அதே ஆட்டத்தில், பில்ஸுக்காகப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய ஜோஷ் ஆலன் ஒருமுறைகூடப் பந்தைப் பறிகொடுக்கவில்லை. அப்புறம், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஸ்கோரைச் சமன்செய்ய ரேவன்ஸ் எடுத்த 2 புள்ளி முயற்சியில் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்த பந்து நழுவியதே, அது டர்ன்ஓவர் கணக்கிலேயே வராது. அதை எதில் சேர்ப்பார்களாம்?