பையன் கையில் பொம்மை இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பையன் பொம்மையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தால், "என்னடா இது, பொட்டப்புள்ள மாதிரி" என்று சொல்ல வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இருப்பார். அதையே பெண் குழந்தை செய்தால், "பாரேன், இப்பவே குட்டி அம்மா!" என்று கொஞ்சுவார். இரண்டு பேச்சுமே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பேச்சு பையனிடமிருந்து ஒரு விளையாட்டையே பிடுங்கிவிடுகிறது. இரண்டாவது பேச்சு, பெண் குழந்தையின் விளையாட்டைப் பிள்ளை வளர்ப்புக்கான ஒத்திகை என்று முடிவுகட்டிவிடுகிறது.

அந்த விளையாட்டில் என்னதான் நடக்கிறது என்று தெரிய, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். என் தங்கை மகனுக்கு நாலு வயது. தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், ஒரு துணிப் பொம்மையை மடியில் படுக்கவைத்துப் பென்சிலால் அதன் கையில் குத்தினான். குத்தியதும் பொம்மைக்காக அவனே "ஆ"வென்று அழுதான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு, நான்தான் பிடிச்சிருக்கேன்ல" என்றான். போதாக்குறைக்கு ஊசி போட்டவரையும் ஒரு அதட்டு அதட்டினான். வலிக்கிறவன், வலி கொடுக்கிறவன், தேற்றுகிறவன் எல்லாம் அவனே. காலையில் தன்மேல் பிறர் செய்த ஒன்றைச் சாயங்காலத்துக்குள் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குழந்தைகள் மருத்துவப் பிரிவுகளில் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் பொம்மைக்கு முகமூடி மாட்டி, கட்டுப் போட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்குக் காட்டுவார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பொம்மைமேல் ஏற்றிச் சொல்வது குழந்தைக்கு எளிது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1985ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் ஓர் ஆய்வில் இரண்டு பொம்மைகளைப் பயன்படுத்தினார்கள். சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. சாலி திரும்பி வந்து எங்கே தேடும்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பெட்டியைக் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது சாலிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. நாலு வயதுக்கு மேல்தான் "கூடை" என்று சொல்லத் தொடங்குவார்கள். எனக்குத் தெரிவது உனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற அறிவு அப்படி மெல்ல மெல்லத்தான் வருகிறது. பொம்மைக்குப் பசிக்கிறது, பயமாக இருக்கிறது, அதுக்குக் கோபம், என்னோடு "டூ" என்றெல்லாம் குழந்தை சொல்லும்போது, இன்னொரு மனசுக்குள் போய்வந்து பழகுகிறது. இதில் ஆண் என்ன, பெண் என்ன?

2020ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகள் விளையாடும்போது மூளையின் செயல்பாட்டை அளந்தார்கள். பிறரைப் புரிந்துகொள்ளும்போது வேலை செய்கிற பகுதி, தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும் சுறுசுறுப்பாக இருந்தது. தனியாக டேப்லெட்டில் விளையாடும்போது அந்த அளவுக்கு இல்லை. பையன்களிடமும் இதையேதான் பார்த்தார்கள். பார்பி தயாரிக்கும் மேட்டெல் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு இது, குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் இதை மட்டும் நம்பி நான் பேசவில்லை. ஆனாலும் கண்ணெதிரே பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

"பையன்களுக்கு இயல்பாகவே அது பிடிக்காதுங்க" என்பார்கள். சராசரியாகப் பார்த்தால் பெண் குழந்தைகள்தான் பொம்மையை அதிகம் எடுக்கிறார்கள், உண்மைதான். அதுக்காகக் கையில் எடுத்த பையனைக் கேலி செய்யலாமா? அமெரிக்காவில் 1964ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மையைக் கொண்டுவந்தது. கை கால் மடங்கும், உடுப்பு மாற்றலாம். பையன்களுக்கென்றே செய்தது, அமோகமாக விற்றது. சீருடை மாட்டி, பூட்ஸ் போட்டு, பேச்சுக் கொடுத்து விளையாடினால் அதுவும் பொம்மை விளையாட்டுதானே. ஆக, பெரியவர்கள் முகம் சுளிக்காத இடத்தில் பையன்கள் தாராளமாக விளையாடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. பிலிப்பைன்ஸில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், அப்பாவான பிறகு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. குழந்தையைக் கவனிப்பதில் தினமும் அதிக நேரம் செலவிடும் அப்பாக்களிடம் இன்னும் குறைவு. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் வேலைக்கு ஆணின் உடம்பே தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அப்புறம் அந்த வேலையை நாலு வயதில் விளையாடிப் பார்ப்பது எப்படி இயல்புக்கு விரோதமாகும்?

பெண் குழந்தை விஷயத்தில் எனக்கு வேறு கவலை. 2014ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பார்பியோடு சில நிமிடங்கள் விளையாடிய சிறுமிகள், தாங்கள் பெரியவர்களானால் செய்யக்கூடிய வேலைகள் என்று சொன்னவை, பையன்கள் செய்யக்கூடியவை என்று சொன்னவற்றைவிடக் குறைவாக இருந்தன. டாக்டர் உடுப்புப் போட்ட பார்பியைக் கொடுத்தும் அப்படித்தான். உருளைக்கிழங்கு உருவப் பொம்மையோடு விளையாடியவர்களிடம் இந்த இடைவெளி அவ்வளவாக இல்லை. அழகு பார்ப்பதற்கே செய்த உருவம் தன் கதையையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது போல. அதனால் நான் வாங்குவதாக இருந்தால், மெத்தென்ற உடம்பும் அழுகையா சிரிப்பா என்று தீர்மானமாகச் சொல்லாத முகமும் உள்ள பொம்மையைத்தான் வாங்குவேன். பேட்டரியில் பேசும் பொம்மை வேண்டாம். அது பேசிவிட்டால் குழந்தை பேசாது.

"வாங்கிக் கொடுத்தேன், பையன் தொடவே இல்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. திணிக்க வேண்டாம். கார், கட்டைகளோடு அதுவும் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும். ஒருநாள் கார் ஓட்ட ஆள் தேவைப்படும், எடுத்து உட்காரவைப்பான். எடுக்காவிட்டாலும் சரி. எடுக்கிற அன்று மட்டும் யாரும் சிரிக்காமல் இருங்கள்.