இது என்ன கலர், சொல்லு பாப்பம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பனர் வடிவமைக்கிற வேலை எனக்கு. சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. வேலைக்கு அது பெரிய தடையில்லை; சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் அளவைச் சொல்லும் சிஎம்வைகே எண்கள் இருக்கின்றன. மஜெந்தா 100, மஞ்சள் 100, மற்ற இரண்டும் 0 என்றால் சிவப்பு. திரையில் தெரிகிற நிறம் அப்படியே ஃபிளெக்ஸில் வராது என்பதால், நல்ல கண் உள்ளவனும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

தொல்லை, என் கண் விசயம் தெரிந்த ஆட்கள்தான். வந்ததும் சேட்டைப் பிடித்துக் காட்டி, "தம்பி, இது என்ன கலர், சொல்லு பாப்பம்?" நிறக்குருட்டைக் கண்டுபிடிக்கும் இஷிஹாராவின் புள்ளிப் படங்கள் 1917 இலேயே வந்துவிட்டன அண்ணை, உங்கள் சேட் தேவையில்லை. "அப்ப எல்லாம் கறுப்பு வெள்ளையோ?" இல்லை, நீலமும் மஞ்சளும் வடிவாகத் தெரியும். "கரட் சாப்பிடு, மாறும்." மாறாது, எக்ஸ் குரோமோசோமோடு பிறப்பிலேயே வந்தது. (ஆண்களுக்கு அதிகம் வருவதும் அதனால்தான்.)

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலம் இன்னும் மோசம். "அம்மனுக்கு ஏற்ற சிவப்பாப் போடு." எந்தச் சிவப்பு என்று கேட்டால், "உனக்கு விளங்காது" என்று பக்கத்துப் பெடியனைக் கூப்பிடுவார்கள். அவன் தலையைச் சொறிவான். கடைசியில் எண்ணை மாற்றுவது நான். "ஆ, இதுதான்!" என்று பாராட்டு மட்டும் அவனுக்கு.