ஆணி அடித்த மகராசன்

மழைக்கு முன்னால வீட்டு மேல சாஞ்ச கொப்பை எடுத்திருங்க அண்ணாச்சி என்று பாளையங்கோட்டையிலிருந்து போன், சரி என்று வடத்தைக் கட்டி ஏறி, வேம்பின் கவட்டில் உட்கார்ந்து மரம் அறுக்கும் செயின் மெஷினை வைத்தால் கர்ரென்று பொறி பறக்கிறது. ஆணி! துணிக்கொடி கட்ட என்றைக்கோ அடித்ததாம். மரம் வளர வளரப் பட்டை அதை மூடிவிடும், வெளியே தெரியாது. புதுச் செயினில் பல் போச்சு. உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவ வேண்டும், மொட்டைச் செயினில் அறுத்தால் சிராய்க்குப் பதில் மாவுதான் கொட்டும், கை கடுத்துப்போகும். புளியமரம் இன்னும் மோசம், பேயோட்டி முடியோடு ஆணி அடித்து வைத்திருப்பார்கள். செயின் காசு கேட்டால் மட்டும் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். ஏறுமுன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு முழம் தள்ளி அறுத்திருப்பேனே!