ஏழு மணிக்கூடும் ஒரு லயத்துக் காம்பிராவும்

அக்கா கல்யாணத்துக்கு வந்த சுவர் மணிக்கூடுகள் மட்டும் ஏழு. அவள் வாழப் போனதோ இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பிராவுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒன்றை மாட்டிவிட்டு மிச்ச ஆறையும் கட்டிலுக்கடியில் தள்ளினோம். அதில் இரண்டு பிறகு வேறு கல்யாணங்களுக்குப் போயின. தந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்குமோ என்று அக்காவுக்கு இன்னும் பயம்.

அதனால்தான், தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற சின்னம்மா மகள், வேண்டிய சாமான்களை எழுதிச் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குறூப்பில் போடவா என்று கேட்டதும் சரி என்றேன். பெரியப்பாவுக்குக் கோபம். "கேட்டு வாங்குறது பிச்சை. வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார். உண்மைதான், இப்படிக் கல்யாணப் பட்டியல் போடுகிற வழக்கத்தைச் சிக்காகோவில் மார்ஷல் பீல்ட்ஸ் என்ற கடை 1924இல் தொடங்கியது. ஆனால் பெரியப்பா, வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோமே, அந்த நோட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து, 'அவன் 500 எழுதினான், நாம 1000 எழுதணும்' என்று வருடக்கணக்காகப் புரட்டுகிறோமே, அதுமட்டும் என்னவாம்? அதைவிட, இது தேவை என்று வாய்விட்டுச் சொல்வது எனக்குக் கௌரவமாகவே தெரிகிறது.

ஒன்றில் மட்டும் பெரியப்பா பக்கம் நியாயம். அவள் முதலில் எழுதியதில் வாஷிங் மெஷின் இருந்தது! தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் அரசு வர்த்தமானியில் வந்த அடிப்படை நாள் சம்பளமே 1350 ரூபா. கொழுந்து பறிக்கிற அத்தை அந்தப் பட்டியலைப் பார்த்தால் கல்யாணத்துக்கே வரமாட்டார். உட்கார்ந்து மாற்றினோம். அகப்பை, வடிதட்டு, துவாய் என்று ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்குவதை மேலே போட்டோம். கேஸ் அடுப்பை ஐந்து வீடு சேர்ந்து வாங்கட்டும். பட்டியல் கல்யாணப் பெண் கையில் இருக்கக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டேன். இதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தச் சாமானுக்குக் கோடு போட்டுவிடுவேன், யார் எதை எடுத்தார்கள் என்பது குறூப்பில் வராது. மொய் போதும் என்பவர்கள் மொய்யே எழுதட்டும்.

அப்புறம், தோழிப் பெண்கள். இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே நிறத்தில் சேலை, பிளவுஸ் தைத்த கூலி, மேக்கப் எல்லாம் அவர்கள் காசு. முன்பு நுவரெலியாவில் ஒரு கூட்டாளிக்குத் தோழியாக நின்றேன். தேயிலைச் செடி மேல் பனி உறைந்து கிடந்த விடியல். கையில்லாத பிளவுஸில் நடுங்கிய நடுக்கத்தில் ஆரத்தித் தண்ணீர் பாதி என் சேலையில். அதற்குக் கிடைத்தது, மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்ட ஒரு போட்டோ பிரேம். அதில் யார் படத்தை வைப்பது?

சின்னம்மா மகளிடம் சொல்லிவிட்டேன்: மூன்று பேருக்கும் சேலைக் காசை நீ கொடு, ஆளுக்கொரு கம்பளிச் சால்வை வாங்கு, அதையும் முதல் நாளே கொடுத்துவிடு.

பாதிச் சாமானுக்குக் கோடு விழுந்துவிட்டது. நேற்று ராத்திரி பெரியப்பா கோல் எடுத்தார். "ரைஸ் குக்கரை யாராவது எடுத்துட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப என் பேரைப் போடு. மணிக்கூடு ஒன்னும் வாங்கி வச்சிட்டேன், அதையும் எழுதிக்க."