இரண்டு வேளை தீனி எப்படிங்க போதும்?

கடல்குதிரைக் குட்டிகளுக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தீனி போட்டால் போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. கடல்குதிரைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது குடல் வழியாக விறுவிறுவென்று போய்விடும், அதனால் பகல் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக உயிருள்ள இரை கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் கும்பகோணத்தில் வளர்ப்பது ஃபைட்டர் மீன்தான், அதன் குஞ்சுகளுக்கு உயிருள்ள இரையாக ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைப் பொரிக்க வைப்பதற்கே படாத பாடு. தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால் மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக நெளியும். காற்றை நிறுத்திவிட்டு அடியில் டார்ச் அடித்தால் எல்லாம் அங்கே வந்து கூடும், ஓடு மேலே மிதக்கும். உடனே கொடுத்துவிட வேண்டும், ஒரு நாள் வைத்திருந்தால் சத்தெல்லாம் வற்றிப்போகும். நடுவில் கரண்ட் போனால் போச்சு.

அப்புறம் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நாகப்பட்டினம் பக்கம் வலையில் சிக்கும் கடல்குதிரையை வாங்கி வந்து தொட்டியில் விடலாமா என்று என் மச்சினனே கேட்கிறான். கூடாது, 2001-லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை, சரியா?