பத்து நிமிடத்தில் நீங்களே பொருத்திக்கொள்ளலாமாம்!

டேஷ்கேம், அதாவது காரின் முன் கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா, வந்த அட்டைப்பெட்டியின் மேல், பல் தெரியச் சிரிக்கும் ஒருவரின் படத்துக்குக் கீழே, 'பத்தே நிமிடத்தில் நீங்களே பொருத்திக்கொள்ளலாம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதை எழுதியவர் தம் வாழ்நாளில் ஒரு காரின் ஃபியூஸ் பெட்டியைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார் என்று நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார். குனிந்தால் மட்டும் போதாது. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, முதுகைக் கதவுப்படியில் வைத்து, கால்களைத் தெருப்பக்கம் நீட்டி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மல்லாந்து கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்த என்னைப் பார்த்து, வண்டி ஏதோ அடித்துப் போட்டுவிட்டது என்று எண்ணி இரண்டு பேர் ஓடி வந்தார்கள். டேஷ்கேம் மாட்டுகிறேன் என்று சொன்னதும் அவர்கள் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

எனக்கு வீடு நாகர்கோவிலில், வேலை மார்த்தாண்டத்தில். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சுவாமியார்மடம் என்று தினமும் இரண்டு முறை அந்தச் சாலையை அளக்கிறேன். நான்குவழிச் சாலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மாவட்டம் இது. அது வரும்வரை, கேரளத்துக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப்போகும் கனரக லாரிகளும், மினிபஸ்களும், டெம்போக்களும், பள்ளி வேன்களும், நடுவில் நானும் அந்தப் பழைய சாலையைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். என்றைக்காவது ஒருவன் இடித்துவிட்டு என் மேலேயே பழியைப் போட்டால் கையில் ஒரு சாட்சி இருக்கட்டுமே என்று, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு கேமராக்கள் கொண்ட பெட்டியை இணையத்தில் வாங்கினேன். பொருத்துவதற்கு ஆள் வேண்டாம் என்று நம்பியது என் குற்றமல்ல. பெட்டிதான் அப்படிச் சொன்னது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். முதலில் அதைத்தான் செய்தேன். கம்பி முன் கண்ணாடியிலிருந்து கொடி போலத் தொங்கி கியர் மாற்றும் கையில் சுற்றிக்கொண்டது. அதனுடன் கொடுத்திருந்த மலிவான அடாப்டர், செருகிய மாத்திரத்தில் நாகர்கோவில் வானொலியை முழுக்கக் கரகரப்பாக்கியது. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்கும் அந்தச் சிறு சுற்றுக்குச் சரியான வடிகட்டி வைக்காவிட்டால் எஃப்.எம். அலைவரிசையில் இப்படித்தான் இரைச்சல் கிளம்பும். மேலும் என் காரில் சாவியை அணைத்தால் அந்தத் துளையிலும் மின்சாரம் போய்விடும், ஆகவே வண்டியை நிறுத்தியிருக்கும்போது கேமரா காவல் காக்காது. எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேனோ அந்த வசதியே கிடையாது.

சரி, நேரடியாக ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுப்போம் என்று மூன்று கம்பிகள் கொண்ட அந்த இணைப்பைக் கையில் எடுத்தேன். சிவப்பு ஏசிசி, மஞ்சள் பி பிளஸ், கறுப்பு கிரவுண்ட். கையேடு சொன்னது இவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸில் சிவப்பையும், எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் மஞ்சளையும், வண்ணப்பூச்சு இல்லாத உலோக போல்ட்டில் கறுப்பையும் இணைக்க வேண்டும் என்பதையோ, எந்த ஃபியூஸ் எப்படிப்பட்டது என்று மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது என்பதையோ சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லையாம். ஏர்பேக்குக்கும் பிரேக்குக்கும் உரிய ஃபியூஸ்களில் கைவைக்கக் கூடாது என்ற ஒற்றை வரியைக்கூட அந்தக் கையேட்டில் நான் காணவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகி ஒரு வழியை இரண்டாகப் பிரிக்கும் சிறு கவ்வி ஒன்று தேவை. அது பெட்டிக்குள் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால், மினியா, குட்டை மினியா, மைக்ரோவா என்று கடைக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார். பத்து ஆம்பியர் சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள் என்ற நிற வரிசை எனக்குத் தெரியும். ஒரே நிறத்தில், ஒரே ஆம்பியரில், மூன்று உடல்வாகுகளில் ஃபியூஸ் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. முதல் முறை வாங்கியது நுழையவில்லை. இரண்டாம் முறை வாங்கியது நுழைந்தது, ஆனால் ஆடியது. மூன்றாம் முறை, கழற்றிய ஃபியூஸையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அது என்ன ஃபியூஸ் என்பதை மறந்துவிட்டதால், போகும் வழியெல்லாம் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊர்ச் சாலையில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவது எப்படிப்பட்ட தவம் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அடுத்தது கம்பியை ஒளிக்கும் வேலை. முன் கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் கம்பியைத் திணிக்கும்படி கையேட்டில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். என் வண்டியில் அந்தத் தூணுக்குள்ளும் கூரை ஓரத்திலும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது; அதற்குக் குறுக்கே முன்புறமாகக் கம்பியை விட்டால், நாளை விபத்தில் ஏர்பேக் விரியும்போது கம்பி தடையாகலாம், இல்லையேல் அதுவே சாட்டையாக மாறலாம். ஏர்பேக்குக்குப் பின்புறமாக, ஏற்கெனவே இருக்கும் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இது எனக்கு எப்படித் தெரியும்? தூணின் மூடியைப் பிய்த்து எடுத்த பிறகு, உள்ளே ஏர்பேக் என்று எழுதியிருந்த துணிச்சுருளைப் பார்த்துப் பதறிப்போய்த் தேடித் தெரிந்துகொண்டேன். உயிரைக் காக்க வைத்திருக்கும் ஒன்றின் மேல் கம்பியை இழுக்கச் சொல்லி அம்புக்குறி போடுகிறவனுக்குக் கை கூசாதா? பிய்த்ததில் மூடியின் கிளிப் ஒன்று உடைந்தது. இன்றும் வண்டி அறுபதைத் தாண்டினால் அந்தத் தூண் முணுமுணுக்கிறது.

பின்கேமராவின் ஆறு மீட்டர் கம்பியை டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள் சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்த கதையை விட்டுவிடுகிறேன். அதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று. நான் செய்தது ஆடி மாதச் சாரலில் என்பதால், ஈரக்காற்றில் ஒட்டிய ஒட்டுநாடா மூன்றாம் நாள் தக்கலையில் வைத்துக் கைவிட்டது. கேமரா நேராக என் மடியில் வந்து விழுந்தது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்ட வேண்டும், ஒட்டிய பின்பும் அந்தப் பசை முழுப் பிடிப்புப் பெற மூன்று நாட்கள் ஆகும் என்பது பிறகு தெரிந்தது. கையேடோ, 'அழுத்தி ஒட்டவும்' என்றதோடு கடமையை முடித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போய்விட்டு, மூன்று நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி இறங்கிவிட்டது. நிறுத்தியிருக்கும்போது காவல் காக்கும் அந்தக் கேமரா, ஏறக்குறைய 0.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இடைவிடாமல் குடிக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர் மணி, மூன்று நாளைக்கு இருபத்தொன்று. என் சிறிய காரின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான், அதற்கும் வயது மூன்றாகிறது. மின்னழுத்தம் குறைந்தால் தானாக நின்றுவிடும் என்ற பாதுகாப்பு உண்டுதான், ஆனால் அதை 11.8 வோல்ட்டில் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி முழுச் சார்ஜில் சுமார் 12.6 காட்டும், 12-க்கு இறங்கினாலே கால்பங்கு மீதி இருந்தால் அதிகம். 11.8 வரை உறிஞ்சிவிட்டு நிற்பதற்குப் பெயர் பாதுகாப்பா? வீடு முழுக்க எரிந்த பிறகு தண்ணீர்க் குடத்தோடு வருகிறவனுக்கு என்ன பெயரோ அதுதான் இதற்கும். அந்த எண்ணை மாற்றும் குட்டிச் சுவிட்ச் கம்பியின் நடுவில், கறுப்பு நாடாவுக்குள் ஒளிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பேட்டரிக்கு உயிர் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன், நான் செருகியிருந்த கவ்விகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றைத் திருப்பிச் செருகினார். தலைகீழாக மாட்டியிருந்தேனாம், அப்படி மாட்டினால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகுமாம்.

"அண்ணாச்சி, எல்லாரும் வீடியோவப் பாத்துட்டு கைய வச்சிட்டு, கடைசில எங்ககிட்டதான் வருவிய. முதல்லயே வந்திருக்கலாம்லா?" என்றார்.

அவர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை, பல ஆயிரம் வாங்கிக்கொண்டவர்கள் அச்சடித்திருக்கலாம் என்பதுதான் கோபம்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன், அந்தச் சாட்சி ஒரே ஒரு நாள் சாட்சி சொல்லியிருந்தால். நான்கு மாதம் கழித்து, தக்கலையைத் தாண்டி நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, முன்னால் வாழைக்குலை ஏற்றி நின்ற டெம்போ பின்னோக்கி வந்து என் முகப்பு விளக்கை நொறுக்கியது. ஓட்டுநர் இறங்கி வந்து, நான்தான் முட்டினேன் என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிகூட எட்டிப்பார்த்தது. "கேமரா இருக்கு, வாங்க பாத்துரலாம்" என்று கூட்டத்தின் நடுவில் செல்பேசியை எடுத்தேன். செல்பேசி கேமராவின் வைஃபையோடு இணையும். உடனே, இதில் இணையம் இல்லை என்று தானாகவே விலகி மொபைல் டேட்டாவுக்குத் தாவும். மறுபடி இணைத்தால் மறுபடி தாவும். டீக்கடையிலிருந்து நான்கைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

"சாரே, படம் வருமா, வராதா? எனக்கு குலைய இறக்கணும்" என்றார் ஓட்டுநர்.

கடைசியில் படம் வந்தது. மெமரி கார்டு நிறைந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஒன்பது நாளும் கேமரா எதையுமே பதியவில்லை. எச்சரிக்கை செய்ததா என்றால், செய்ததாம். ஓரத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி மினுக்கியதாம்.

பழையதை அழித்துப் புதியதைப் பதியும் சுழற்சி முறை இருக்கும்போது கார்டு எப்படி நிறையும் என்று அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். கேமராவுக்குள் அதிர்வை உணரும் ஜி சென்சார் ஒன்று இருக்கிறது. வண்டி குலுங்கினால் அதை விபத்து என்று முடிவுகட்டி, அந்த மூன்று நிமிடப் பதிவை அழிக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. பூட்டிய கோப்புகளைச் சுழற்சி முறை தொடாது. ஒரு பதிவு ஏறக்குறைய 300 எம்பி. 64 ஜிபி கார்டு நிறைய இருநூறு குலுக்கல் போதும். நம் சாலையில் இருநூறு குலுக்கலுக்கு எவ்வளவு நாள் வேண்டும்? கார்டு முழுவதும் பள்ளங்கள்தான். வில்லுக்குறிப் பள்ளம் காலையில், அதே பள்ளம் மாலையில், அதே பள்ளம் மழைநீர் நிரம்பி, அதே பள்ளம் ஜல்லி கொட்டி மூடி, அதே பள்ளம் ஜல்லி பெயர்ந்து. ஒவ்வொன்றும் விபத்து என்று முத்திரை குத்தி, பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. உண்மையில் நடந்த ஒரே விபத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

உணர்திறனைக் 'குறைவு' என்று மாற்றி வையுங்கள் என்றது வாடிக்கையாளர் சேவைக் குரல். விற்பது இந்தியாவில், 'நடுத்தரம்' என்று எந்த ஊர்ச் சாலையை மனத்தில் வைத்து அமைத்து அனுப்பினீர்கள் என்று கேட்டேன். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தேன். கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விட்டது. சரிசெய்யப் போனால், நேர மண்டலப் பட்டியலில் ஐந்து இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஐந்தரை இல்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நேரம் அந்தப் பட்டியலில் இல்லாத பொருளை அவர்களுக்கே விற்கிறார்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேறு தர வேண்டும். அரை மணி நேரம் பிசகிய படத்துக்கு நான் என்னவென்று சான்றளிப்பது?

முகப்பு விளக்கை என் கைக்காசில் மாற்றினேன். டெம்போக்காரர் குலை இறக்கப் போய்விட்டார்.

கேமரா இப்போதும் கண்ணாடியில்தான் இருக்கிறது. கழற்றலாம் என்றால் அந்தத் தூண் மூடியை மறுபடி பிய்க்க வேண்டும், மிச்சமிருக்கும் கிளிப்பும் போய்விடும். உணர்திறனைக் குறைத்து, தொடர்ந்த பதிவுக்கென்றே விற்கும் நீடித்து உழைக்கும் கார்டு ஒன்றும் வாங்கிப் போட்டு, ஞாயிறுதோறும் கேமராவிலேயே வைத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். நேற்றும் அழித்தேன். இன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு விபத்துகள் பூட்டப்பட்டிருக்கின்றன. நான்கும் அழகியமண்டபத்துக்கும் சுவாமியார்மடத்துக்கும் இடையில்.